சாமுராய்ச் சட்டையின் கறுப்பு

ஜெர்மனியில் என்னைவிட மேலாக நடத்தப்பட்டது ஓர் இரும்புச் சட்டை. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் முதலில் இருந்த அகதி முகாமில் உடைந்த ஜன்னலுக்கு அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டிவிட்டுப் படுத்தோம். அந்தச் சட்டைக்கோ தனி அறை. வெயில் படாமல் தடித்த திரை, காற்று வறண்டு போகாமல் ஈரம் விட ஒரு இயந்திரம். அதைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போன ஜப்பான்காரன் செத்துப் பல தலைமுறை ஆகிவிட்டது. உயிரோடு இருந்த எனக்கு ஒரு நல்ல போர்வை கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெர்லின் சுவர் விழுந்து, கிழக்கும் மேற்கும் ஒன்றாகி, எங்களைப் போன்றவர்களைக் கிழக்குப் பக்க ஊர்களுக்கும் பிரித்து அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு விழுந்தது ஹாலே நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பழுப்பு நிலக்கரி புகையும் ஊர். காலையில் வெள்ளைச் சட்டையைக் காயப்போட்டால் மாலையில் சாம்பல் சட்டையை எடுக்கலாம். தமிழ் முகம் பார்ப்பதென்றால் ரயில் ஏற வேண்டும். ரயில் ஏறுவதற்கு அனுமதி எடுக்க வேண்டும்.

முகாமுக்கு வந்துபோகும் தேவாலயப் பெண்மணி ஒருவர்தான் என்னை முதலாளியிடம் கூட்டிப்போனார். முதலாளி என்று நான் அழைத்த அந்த மனிதர் பழைய அரசாங்கத்தில் அருங்காட்சியகங்களுக்காகப் பழம்பொருட்களைச் சீர்செய்தவர். அரசாங்கம் போனது, அவருடைய வேலையும் போனது. தாத்தா காலத்துக் குதிரை லாயம் ஒன்றைத் துப்புரவாக்கி, அதில் சொந்தமாகப் பட்டறை போட்டிருந்தார். ஜப்பானியப் போர்க்கவசங்களைச் சீர்செய்வதுதான் அவர் தொழில். கூட்டித் துடைக்க ஆள் தேவை என்றார். கூட்டினேன், துடைத்தேன். சில மாதங்களில் கயிறு கோர்க்கவும் விட்டார்.

அந்தக் கவசம் ஒரே இரும்புத் துண்டு அல்ல. விரல் அகலத்துக்குச் சின்னச் சின்னத் தகடுகள். ஒவ்வொன்றிலும் அரக்குப் பூசி, துளை போட்டு, பட்டுக் கயிற்றால் வரிசை வரிசையாகக் கோர்த்துக் கட்டியிருப்பார்கள். பட்டு உக்கிவிட்டால் சட்டை சரிந்துவிடும். பழைய கயிற்றை அவிழ்த்து, அதே நிறத்தில், அதே முறுக்கில் புதுக் கயிறு கோர்க்க வேண்டும். இழுவை கொஞ்சம் கூடினால் அரக்கு வெடிக்கும், குறைந்தால் வரிசை தொய்யும். எனக்குப் பொறுமை கிடையாது. எடுத்ததற்கெல்லாம் கோபம் வருகிற ஆள் நான். ஆனால் அந்த வேலையில் மட்டும் என் விரல்கள் என் புத்தியைக் கேட்காமல் அமைதியாகிவிடும். ஏன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

சட்டையில் ஆங்காங்கே பூ வடிவில், இலை வடிவில் சின்ன உலோக அணிகள் பதித்திருக்கும். தலைக்கவசத்தின் உச்சியில் தாமரை இதழ் போல அடுக்கிய ஒரு வளையமும் உண்டு. எல்லாம் கறுப்பு, ஓரத்தில் மட்டும் தங்கக் கோடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதிலொன்றை எடுத்து என் காற்சட்டையில் தேய்த்துப் பார்க்கப் போனேன். முதலாளி பாய்ந்து வந்து கையைப் பிடித்துவிட்டார்.

"கறுப்பைத் தொடாதீர்கள். எதைத் தொட்டாலும் அதைத் தொடாதீர்கள்."

பிறகு இருத்தி வைத்து விளக்கினார். செம்பில் கொஞ்சம் தங்கத்தைக் கலந்து உருக்கி, ஏதோ ஒரு கரைசலில் அவித்து, அந்தக் கறுப்பை வரவழைப்பார்களாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் காகத்தின் இறகு போல நீலம் ஓடும். அது அழுக்கல்ல, அதுதான் வேலைப்பாடு. மதிப்பிட வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்களாம். நான் தலையாட்டினேன். மனதுக்குள் இது என்ன விசர்க்கதை என்றுதான் நினைத்தேன். எங்கள் வீடுகளில் செம்பும் பித்தளையும் கறுத்துக் கிடந்தால் அந்த வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை என்று அர்த்தம்.

என் மனைவி அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தாள். கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து ஆள் கடத்தும் யாரோ ஒரு ஏஜென்சிக்காரனின் புண்ணியத்தில் ஒரு லொறிக்குள். பட்டறைக்கு மேலே, முன்பு வைக்கோல் அடுக்கிய பரணை அறையாக்கி எங்களுக்குத் தந்தார் முதலாளி. கொழும்பு லொட்ஜில் பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்த நாட்களைப் பற்றி அவள் எனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நானும் தோண்டிக் கேட்கவில்லை. சுவருக்கு முதுகு கொடுத்துத்தான் உட்காருவாள். சீருடை போட்ட தபால்காரர் வாசலில் நின்றாலே என் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வாள். சிரிப்பது, பாட்டு முணுமுணுப்பது எல்லாம் கலியாணத்தோடு வந்து, அந்த நாட்களோடு போய்விட்டிருந்தன.

எங்கள் அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். கையில் இருந்தது டுல்டுங் என்கிற தாள். உன்னை அனுப்பப் போகிறோம், அதுவரை பொறுத்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் சாரம். அந்தப் பொறுமையையும் அடிக்கடி போய்ப் புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த அதிகாரி ஒரு நாள், முதலாளி நீண்ட கால வேலை ஒப்பந்தம் தந்தால், இந்த வேலைக்கு இங்கே வேறு ஆள் கிடையாது என்று காட்டினால், பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமைப் பிடித்துக்கொண்டு நாங்கள் தொங்கினோம்.

முதலாளிக்கு ஒப்பந்தம் தர ஆசைதான். நீண்ட கால ஒப்பந்தம் தர நீண்ட கால வேலை வேண்டுமே! அதற்கும் ஒரு வழி தெரிந்தது. மேற்குப் பக்கத்தில் ஒரு பணக்காரக் குடும்பத்திடம் ஓர் அறை நிறைய ஜப்பானியக் கவசங்கள் இருந்தன. எல்லாம் பழுதாகிக் கிடந்தன. நம்பிக்கை வர வேண்டும் என்று ஒன்றை மட்டும் எங்களிடம் தந்திருந்தார்கள். அது முடிந்ததும் அவர்களுடைய மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். அவர் சரி என்றால் மிச்சமெல்லாம் எங்கள் பட்டறைக்கு வரும், வருடக்கணக்கில் வேலை இருக்கும். அவர் சரியில்லை என்றால் நாங்கள் விமானம் ஏற வேண்டும். இதை மனைவிக்கு ஒளிக்காமல் சொல்லியிருந்தேன். சொல்லாமலே விட்டிருக்கலாம்.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடல்நீல நிறப் பட்டுக் கயிற்றைக் கோர்த்தேன். கண் எரியும், கழுத்து பிடிக்கும், மூச்சை அடக்கி அடக்கி நெஞ்சு வலிக்கும். அவள் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள்.

"எனக்கும் ஏதாவது தாங்கோவன். சும்மா இருக்க ஏலாதப்பா. சும்மா இருந்தா அதுகள்தான் ஞாபகம் வருது."

"நீர் ஒண்டையும் தொடாதேயும். பட்டுக் கயிறு, அரக்குத் தகடு, ரெண்டிலயும் கை வைக்கக் கூடாது. வேர்வை பட்டாலே பழுதாப்போகும்."

"ஓம், ஓம். நான் கூட்டி மட்டும் விடுறன்."

சொன்ன சொல் தவறமாட்டாள். பட்டையும் அரக்கையும் அவள் தொடவில்லை. உலோக அணிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவை கழற்றிய நாள் முதல் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு தட்டில் கிடந்தன. கடைசியாகப் பூட்ட வேண்டியவை அவை.

மதிப்பீட்டாளர் வருவதாகச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். பார், அன்று காலையில்தான் எனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், வரச்சொல்லிக் குறித்த நேரம். எனக்காக இரண்டு வார்த்தை பேச முதலாளியும் கூட வந்தார். வழக்கம்போலக் காக்க வைத்தார்கள். அந்த அதிகாரி தாளைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். ஒப்பந்தத்தோடு வந்தால் பேசலாம், இல்லாவிட்டால் அடுத்த முறை நீட்ட மாட்டேன் என்று சொல்லி, மிகக் குறுகிய தவணைக்கு முத்திரை குத்தினார். பேருந்தில் திரும்பி வரும்போது முதலாளி என் முழங்காலில் தட்டி, இன்று மாலையே ஒப்பந்தம் எழுதுவோம் என்றார். நான் நம்பினேன். என் கயிற்று வேலையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

பட்டறைக் கதவைத் திறந்ததும் பழப்புளி மணம். ஒரு கணம் ஊரில் நிற்கிறேனோ என்று இருந்தது. உள்ளே அவள் பாடிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் பாட்டைக் கேட்டு எத்தனையோ காலம். அந்தச் சந்தோஷம் எனக்கு நாலு எட்டு வைக்கிற நேரம்தான் இருந்தது.

குழாயடியில் குந்தியிருந்தாள். ஒரு கிண்ணத்தில் பெர்லினிலிருந்து யாரோ அனுப்பிய பழப்புளி, கறிக்குக்கூடக் கிள்ளிக் கிள்ளிப் போடுகிற எங்கள் பழப்புளி, முழுவதும் கரைத்திருந்தது. பக்கத்தில் நிலக்கரி அடுப்புச் சாம்பல். கையில் சாக்குத் துண்டு. தட்டில் அத்தனை பூவும் இலையும் தாமரை வளையமும் செக்கச்செவேல் என்று புதுச் செம்பாக மினுங்கின. கறுப்பு என்று ஒரு பொட்டு இல்லை.

"பாருங்கோ எப்பிடி வந்திருக்கெண்டு! கரிச்சட்டி மாதிரிக் கிடந்ததுகள். பெரிய மனுசன் பாக்க வாற நேரத்தில இதுகள் இப்பிடிக் கிடந்தா என்ன நினைப்பார்? வெள்ளிக்கிழமையும் அதுவுமா. பட்டையும் அரக்கையும் நான் தொடேல்லை."

தலைக்குள் ஒரு சத்தம். கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல, அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தும் விட்டேன். முதலாளி என் தோளை அழுத்தினார். தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் புறங்கையால் நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக்கூடக் கிடைக்காத சிரிப்பு அது.

"ஷோன்," என்றார் முதலாளி.

அழகு என்பதற்கான ஜெர்மன் சொல். அவளுக்குத் தெரிந்த சொற்பச் சொற்களில் அதுவும் ஒன்று. அவள் முகம் இன்னும் மலர்ந்தது. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி மேலே ஓடினாள்.

அவள் போனதும் முதலாளி நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரைப் பிடித்துக் கெஞ்சத் தொடங்கினேன். சப்பாத்துக்குப் பூசும் கறுப்பு மை இருக்கிறது, பூசிவிடுவோம் என்றேன். விளக்குப் புகையில் காட்டுவோம் என்றேன். தட்டை ஒளித்துவிட்டு இன்னும் முடியவில்லை என்று சொல்வோம் என்றேன். பைத்தியக்காரன் போல மை டப்பாவைத் தேடி இழுப்பறைகளைக் கொட்டினேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஜப்பானில் திரும்பக் கறுப்பேற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் போன கறுப்பு போனதுதான் என்றார். முற்றத்தில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மதிப்பீட்டாளர் மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு சட்டையை ஒரு மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். தகடுகளை நகத்தால் தட்டிக் காது கொடுத்தார். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிக நேரம் பார்த்தார். கயிற்று வரிசையில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து மேலிருந்து கீழ்வரை போனார். நான் ஒரு மூலையில் நின்று, அந்தத் தட்டு இருந்த பக்கம் அவர் திரும்பக்கூடாது என்று எங்கள் ஊர்ப் பிள்ளையாரையும் மன்னார் மாதாவையும் சேர்த்து இழுத்து வேண்டிக்கொண்டிருந்தேன்.

"இதைக் கோர்த்தது யார்?"

முதலாளி என்னைக் காட்டினார்.

"மிக நல்ல வேலை," என்றார் அவர். என்னைப் பார்த்து லேசாகத் தலை சாய்த்தார். "அணிகள் எங்கே?"

தட்டின் முன்னால் அவர் நின்ற நேரம் எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு பூவை எடுத்துத் திருப்பினார், வைத்தார். வளையத்தை எடுக்கவே இல்லை. கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். யார் செய்தது என்று கேட்டபோது குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் முன்னே ஓர் அடி வைத்தேன். முதலாளி முந்திக்கொண்டார்.

"நான்தான். என் தீர்மானம். முதன்முதலில் எப்படி இருந்திருக்கும் என்று காட்ட நினைத்தேன்."

அந்தத் தொழிலில் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக மோசமான வார்த்தை அதுதான். அந்தச் செம்பு அணிகள் ஒருபோதும் சிவப்பாக இருந்ததே இல்லை; செய்யும்போதே கறுப்பாக்கித்தான் செய்தார்கள். அது முதலாளிக்கும் தெரியும், வந்தவருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து என் மனைவி தேத்தண்ணித் தட்டோடு இறங்கி வந்தாள். புளி பட்டுப் பழுப்பேறிய விரல்கள், நகக்கண்ணில் சாம்பல். மதிப்பீட்டாளர் கோப்பையை வாங்கும்போது அந்த விரல்களைப் பார்த்தார். அவருக்கு விளங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். தேத்தண்ணியை முழுவதும் குடித்தார், அவளுக்கு நன்றி சொன்னார், காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் நான் முதலாளியிடம் கத்தினேன். நன்றி சொல்ல வேண்டிய வாயால் கத்தினேன். உங்கள் பெயரும் போச்சு, எங்கள் ஒப்பந்தமும் போச்சு, இந்தப் பொய்யால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அவள் செய்தாள் என்று சொல்லியிருந்தாலும் மிச்சக் கவசங்கள் வரப்போவதில்லை. வேறு ஆளின் கை படுகிற பட்டறைக்கு யார் பொருள் தருவார்கள்? அவள் பெயர் சொன்னால் காப்புறுதிக்காரர் வருவார், பிறகு பொலிஸ் வரும், விசாரிக்கும், அந்த விசாரணைத் தாள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் போகும். சீருடைக்காரர்கள் முன்னால் உன் மனைவியை உட்கார வைக்க விரும்புகிறாயா என்று கேட்டார். என்னை அவர் ஒருமையில் அழைத்தது அன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் அவர்தான் சொன்னார். எனக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. மேலே போனால் "அவருக்குப் பிடிச்சுதோ?" என்று ஆசையாகக் கேட்கிறாள். ஓம் என்றேன். இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கறியில் உப்புக் கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினேன். உப்பு அளவாகத்தான் இருந்தது. அவள் ஒன்றும் விளங்காமல் அந்தத் தட்டைத் தானே சாப்பிட்டாள். கீழே போய் விறகு கொத்தினேன், தேவைக்கு மேல் கொத்தினேன். அவள்மேல் கோபமும் அவளை நினைத்து இரக்கமும் சேர்ந்து வந்தால் மனிதன் என்னதான் செய்வான்?

அந்தப் பணக்காரக் குடும்பத்தார் ஆளனுப்பிச் சட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் ஒன்றும் வரவில்லை. கதை எப்படியோ பரவி, வழக்கமாக வருகிற சின்ன வேலைகளும் நின்றுபோயின. முதலாளி பட்டறையை மூடிவிட்டு ஒரு தளபாடக் களஞ்சியத்தில் பெட்டி சுமக்கப் போனார். அந்த வயதில். எனக்கு ஒப்பந்தம் இல்லை, எனவே டுல்டுங் இல்லை. நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லித் திகதி போட்டுத் தந்தார்கள். கொழும்பு விமானத்தில் ஏற்றுவதற்கு முன் பிரான்சுக்குள் கடத்திவிட ஒருவன் ஒத்துக்கொண்டான்.

புறப்படும் காலையில் இரண்டு பைகளில் சாமான் அடுக்கினோம். அவள் எல்லாவற்றையும் மடித்து மடித்து வைத்தாள். அழவில்லை. பையின் வாரை இறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"எனக்கு அண்டைக்கே ஒரு பயம் இருந்ததப்பா. அந்தத் தாமரை வளையத்தின்ர அடியில, விரல் போகாத இடத்தில, கொஞ்சம் கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நேரமில்லையெண்டு விட்டிட்டன். அந்தாள் அதைக் கண்டிட்டார் போல. நான் இன்னும் கொஞ்சம் மினுக்கியிருக்க வேணும்."

நான் அவளிடமிருந்து பையை வாங்கிக்கொண்டேன்.

"இல்லையப்பா," என்றேன். "நீர் வடிவாத்தான் மினுக்கினனீர்."